மயிலைக்கு வைத்த சிலுவை

என் சித்தப்பா மாடு திருடுவதில் வல்லவர் என்பதை ஊரார் வாயால் நான் அறிந்தபோது எனக்கு வயது ஆறு. அதை ஒரு குறையென்று அப்போது நான் கருதவில்லை. ஒருவர் தச்சு வேலையில் வல்லவர், ஒருவர் கிணறு தோண்டுவதில் வல்லவர் என்று சொல்வதைப்போல இதுவும் ஒரு வல்லமை என்றே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கிழக்கோரத்தில், கறம்பக்குடிக்குச் செல்லும் வண்டிப்பாதையிலிருந்து விலகிக் கிடந்த சிற்றூர். இருந்த வீடுகள் யாவும் வேதக்கார வீடுகள், கிறிஸ்துவர்களுடையவை. சாமியார் மாதம் ஒருமுறை வில்வண்டியில் வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் உபதேசியார் எங்களுக்கு மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தும், சொல்லாதவர்களைப் பிரம்பால் திருத்தியும் எங்கள் ஆத்துமங்களைக் காத்து வந்தார். என் அப்பா கோவில் காரியங்களை நடத்தும் மூவரில் ஒருவர். திருநாளில் சப்பரத்துக்கு முன்னால் குடை பிடிக்கும் உரிமை அவருடையது. ஒரே வயிற்றில் பிறந்த இருவரில், மூத்தவரிடம் கோவில் சாவியும் இளையவரிடம் அடுத்தவன் கொட்டிலின் வழியும் இருப்பதாக ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பா அச்சிரிப்பைக் கேட்டும் கேளாதவராய் நடந்துவிடுவார்.

மயிலை எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த வருஷத்தின் மழைக்காலத்துக்கு முந்திய ஒரு விடியற்காலையில். சாம்பல் நிறமும், கழுத்தில் கருமையும், பெரிய அமைதியான கண்களும் கொண்ட உழவு மாடு. எங்கள் செவலைக் காளைக்குச் சோடியாக மணப்பாறைச் சந்தையில் பிடித்ததாக அப்பா அண்டை வீட்டாருக்குச் சொன்னார். அன்று காலையிலேயே கொட்டிலின் பின்புறத்தில் அதைக் கயிறு போட்டுச் சாய்த்தார்கள். அப்பா அதன் கால்களைச் சேர்த்துப் பிடித்து அமுக்கிக்கொள்ள, சித்தப்பா பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அதன் வலத்தொடையில் ஒரு சூடு இழுத்தார். அங்கே முன்பே நெடுக ஒரு கோடு இருந்தது. சித்தப்பா அதன் குறுக்கே ஒன்று போட்டதும் அது சிலுவையாயிற்று. பிறகு கொம்புகளையும் சீவி உருவத்தை மாற்றினார்கள். ஓலை மறைப்பின் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த நான் அழுதேன். சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, "வேதக்கார வீட்டுக்கு வந்தா ஞானஸ்நானம் வேண்டாமா, ஆத்தா? மாட்டுக்குத் தண்ணி ஊத்துனா நிக்குமா? அதான் நெருப்புல" என்றார். நான் சமாதானமடைந்தேன். எங்கள் வீட்டு மாடு கிறிஸ்துவ மாடு என்பதை உபதேசியார் வீட்டுப் பிள்ளைகளிடம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன்.

அதன்பின் சித்தப்பா வேறொரு வழக்கில் பிடிபட்டு இரண்டு வருஷம் புதுக்கோட்டைச் சிறையில் இருந்தார். அந்த இரண்டு வருஷமும் மயிலை என் பொறுப்பாயிற்று. குளத்துக்கு ஓட்டிப்போவதும், உண்ணி பொறுக்குவதும், வைக்கோல் உதறிப் போடுவதும் நானே. வேறு யார் கயிற்றைப் பிடித்தாலும் நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். நான் முன்னால் நடந்தால் கயிறு இல்லாமலேயே பின்னால் வரும்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது முதன்முறையாகச் சற்பிரசாதம் பெறும் புதுநன்மைக்கு என்னைத் தயார் செய்தார்கள். உயிர்த்த திருநாளாகிய பாஸ்குக்கு முந்திய அந்தத் தபசு காலத்தில், பாஸ்குவரை தங்க வந்த பரதேசத்துச் சாமியார் ஒருவர் எங்கள் கோவிலில் மூன்று நாள் தியானப் பிரசங்கம் செய்தார். சிறையிலிருந்து திரும்பிச் சில மாதமே ஆகியிருந்த சித்தப்பா, மூன்று நாளும் வாசல் ஓரத்தில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். மூன்றாம் நாள் பீடத்துக்கு முன்னால் சிலுவையில் தொங்கும் பெரிய பாடுபட்ட சுரூபத்தைக் கிடத்தி, ஒவ்வொருவராக வந்து முத்தமிட்டு முத்தி செய்யச் சொன்னார்கள். சித்தப்பாவும் வரிசையில் வந்தார். அவர் முறை வந்தபோது முழங்காலிட்டுக் குனிந்தார். சிலுவையைப் பார்த்தார். முத்தி செய்யாமல் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"பாத்தியா, தூக்கிட்டுப் போறதுக்குக் கனம் பாத்துட்டுப் போறான்" என்று ஆண்கள் பக்கத்தில் ஒருவர் சொல்ல, கோவிலுக்குள்ளேயே சிரிப்பு எழுந்தது. உபதேசியார் பிரம்பை உயர்த்தினார்.

நான் வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா கொட்டிலில் மயிலையின் பின்னால் குந்தியிருந்தார். அதன் வலத்தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்ணி பார்க்கிறார் என்று எண்ணி, "நேத்துத்தான் எல்லாம் எடுத்தேன் சித்தப்பா" என்றேன்.

மறுநாள் பாவசங்கீர்த்தனம். சித்தப்பா சாமியாரிடம் போய் முழங்காலிட்டவர் எழுந்திருக்கவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழந்தார்கள். "ஒத்தை ஆளு பாவத்துக்கு இம்புட்டு நேரமா? எங்க பாவமெல்லாம் வெயில்ல காயுது" என்று ஒரு பெண்பிள்ளை முணுமுணுத்தாள். கடைசியில் அவர் எழுந்தார். மற்றவர்களைப்போலப் பீடத்தண்டை போய், பாவத்துக்குத் தண்டனையாக விதிக்கும் அபராத மந்திரம் சொல்லாமல், நேரே வீட்டைப் பார்த்து நடந்தார். பாவப்பொறுத்தல் கிடைக்கவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது.

அன்று மாலை வைக்கோல் போருக்குப் பின்னால் நான் இருப்பதை அறியாமல் அப்பாவும் சித்தப்பாவும் கொட்டிலில் நின்று பேசினார்கள்.

"கையில வச்சுக்கிட்டே மன்னிப்புக் கேக்குறது மன்னிப்பு இல்லைங்கிறாரு அண்ணே. கொண்டுபோய் விட்டுட்டு வா. பெரிய வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தீன்னா பாவப்பொறுத்தல் தாரேன், பாஸ்குக்குச் சற்பிரசாதம் வாங்கிக்கன்னு சொல்லிட்டாரு."

"எதைக் கொண்டுபோய் விடப்போறே?"

"எதைன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

அப்பா வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சித்திரையில ஏர் கட்டணும். செவலைக்குச் சோடியா ஒன்னையவா பூட்டுறது?"

"பூட்டுங்க. இழுக்குறேன்."

"வெளையாடாதே. எல்லைக்கு அங்கிட்டு வெள்ளைக்காரன் போலீசு. மறுக்காப் புடிச்சான்னா அஞ்சு வருசத்துக்குக் கொறையாது."

"இருக்கட்டும் அண்ணே."

"ஒனக்கு இருக்கட்டும். செயிலுக்குப் போனவனுக்கு இனிமே போக என்ன இருக்கு? நான் இந்த ஊருல..." என்று அப்பா நிறுத்தினார்.

"ஒங்க பேரு என் வாயில வராது. என்னைய வெட்டிப் போட்டாலும் வராது. ஆனா இதுக்கு மேல என்னால முடியாது அண்ணே. ஆளாளுக்குக் களவை இருட்டுல மறைப்பான். நான் ஆண்டவரு சிலுவையை வச்சு மறைச்சிருக்கேன். அந்தச் சுரூபத்துல வாய வைக்கக் குனிஞ்சா, இந்த மாட்டுத் தொடைதான் தெரியுது."

அப்பா வெளியேறினார்.

மூன்றாம் நாள் காலை, பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவரின் அடக்கச் சப்பரத்துக்குத் துணி வாங்க அப்பா கறம்பக்குடிக்குப் புறப்பட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் சித்தப்பா மயிலையை அவிழ்த்தார். மயிலை தன் வழக்கப்படி கால்களை ஊன்றிக்கொண்டது. இழுத்தும் தட்டியும் பயனில்லை. என்னைப் பெற்ற ஆத்தா இதையெல்லாம் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லி அறியாதவள். அன்று அவள் ஒரு தூக்குச் சட்டி நிறையப் புளிச்சோறு கிளறி வைத்திருந்ததைக் கண்ட பின்புதான், அவள் முன்பே முடிவு செய்துவிட்டாள் என்பது சித்தப்பாவுக்கு விளங்கியது.

"புள்ளையக் கூட்டிட்டுப் போங்க தம்பி. அது நடந்தாத்தான் மாடு நடக்கும்" என்றாள்.

"அண்ணன் வந்து கேட்டா?"

"நான் இருக்கேன்ல."

ஆக, என் வாழ்வின் முதல் நெடும்பயணம் ஒரு மாட்டை நடத்திச் செல்வதற்காக அமைந்தது. வழியில் ஒரு தலையாரி எங்களை உற்றுப் பார்த்துவிட்டு ஒன்றும் கேளாமல் விட்டுவிட்டான். சித்தப்பா தமக்குள் சிரித்துக்கொண்டார். ஒற்றையாய் மாடு பிடித்துப் போகிறவனைத் தலையாரி நிறுத்துவான் என்றும், பெண்பிள்ளையோடு போகிறவனைக் குடும்பஸ்தன் என்று விட்டுவிடுவான் என்றும் எனக்கு விளக்கினார். அந்தப் பழைய தொழிலின் நுட்பங்களை அவர் இன்னும் மறக்கவில்லை. களவுக்குக் கற்றவற்றைக்கொண்டே களவைத் திருப்பிக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

ஆலமரம் ஒன்றின் கீழ்ச் சோறு தின்னும்போதுதான் உண்மையைச் சொன்னார். "இது நம்ம மாடு இல்ல ஆத்தா. நான் களவாண்டது. அவுக வீட்டுலயே விடப் போறோம்."

நான் சோற்றை வைத்துவிட்டு அழுதேன். வெகுநேரம் அழுத பின்பு ஒரு யோசனை சொன்னேன். மயிலைக்குப் பதிலாகச் செவலையைக் கொடுத்துவிட்டால் என்ன? செவலை முட்டும், யாருக்கும் அடங்காது, ஆனால் அதுவும் மாடுதானே. சாமியாருக்கு எந்த மாடு என்று எப்படித் தெரியும்?

"சாமியாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே" என்றார் சித்தப்பா.

மேற்கொண்டு நடக்கையில் பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தை அவர் சொல்லிப் பார்த்தார். சிறுவயதில் சரியாகக் கற்காததால் பாதியில் தடுமாறினார். நான் புதுநன்மைக்காக அதைத் தலைகீழாகப் பாடம் பண்ணியிருந்தேன். உபதேசியாரைப்போலவே ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அவர் தவறு செய்யுந்தோறும் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். சமஸ்தான எல்லைக் கல்லைத் தாண்டும்போது முழு மந்திரத்தையும் பிசகின்றிச் சொல்லிவிட்டார். அக்கல்லருகே ஒரு கணம் நின்று, பிறகு அதைத் தாண்டிக் காலெடுத்து வைத்தார். எனக்கு மந்திரம் முடிந்த மகிழ்ச்சி மட்டுமே.

வழியில் ஒரு சத்திரத்தில் தங்கி, மறுநாள் வெயிலேறும் வேளையில் அந்த ஊரை அடைந்தோம். ஆவுடையார்கோவிலுக்குப் போகும் வழியில், வெள்ளாற்றுக்கு இப்பாலுள்ள உழவர்களின் ஊர். சித்தப்பா யாரிடமும் வழி கேட்கவில்லை. புளியமரம் நின்ற ஒரு வீட்டின் முன்போய் நின்று குரல் கொடுத்தார். நாற்பது வயதிருக்கும் விதவை ஒருத்தி வெளியே வந்தாள். வயலில் உழைத்துக் காய்ந்த உடம்பு.

"அம்மா, மூணு வருசத்துக்கு முந்தி ஒங்க வீட்டு மயிலைக் காளை காணாமப் போச்சுல்ல? நான்தான் களவாண்டுட்டுப் போனேன். இந்தா, கொண்டாந்துட்டேன்."

அவள் அவரையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் அவள் கொழுந்தனும் அக்கம்பக்கத்தாரும் கூடிவிட்டார்கள். கொழுந்தன் மாட்டைச் சுற்றி வந்தான். கொம்பைத் தொட்டுப் பார்த்தான். தொடையில் இருந்த குறியைக் கண்டதும் பின்வாங்கினான்.

"அண்ணி, இது நம்ம மாடு இல்ல. நம்ம மாட்டுக்கு நெட்டுக்கோடு. இதுல சிலுவை இருக்கு. எவனோ வேதக்காரன் மாட்டை அடிச்சுட்டு வந்து நம்ம தலையில கட்டப் பாக்குறான். நாளைக்கே போலீசோட வருவான். புடிங்கடா இவனை!"

சித்தப்பா தம் தொழிலை அவ்வளவு செம்மையாகச் செய்திருந்தார். சொந்தக்காரர்களே தங்கள் மாட்டை வேண்டாமென்றார்கள். திருடியதை மறைக்க ஒரு காலைப்பொழுதே போதுமாயிருந்தது. அதைத் திருடியது தாம்தான் என்று நம்ப வைக்க அவர் வெயிலில் நின்று வாதாட வேண்டியதாயிற்று.

"நெட்டுக்கோடு ஒங்களுது. குறுக்குக்கோடு என்னுது. உத்துப் பாருங்க, ரெண்டு தழும்பும் ஒண்ணு மாதிரி இருக்காது" என்றார்.

"அப்பக் கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணு. அய்யனார் கோவிலுக்கு வா" என்றான் கொழுந்தன்.

"வாரேன். அங்க வந்தும் இதையேதான் சொல்லுவேன். ஆனா கற்பூரம் அணைக்க எங்க வேதத்துல எடமில்லீங்க."

"பாத்தீகளா! பொய்யின்னா அணைக்க மாட்டான்ல!"

இரண்டு பேர் அவர் கைகளைப் பின்னால் முறுக்கினார்கள். நான் மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். சித்தப்பா கைகளை உருவிக்கொள்ள முயலவில்லை. அந்த அம்மாளைப் பார்த்தே பேசினார்.

"அன்னைக்கு ஒங்க வீட்டு ஆம்பளைக்கு மேலுக்கு முடியாமக் கெடந்தாரு. நீங்க உள்ளுக்குள்ள கசாயம் காச்சிக்கிட்டு இருந்தீக. ஒத்தைக் காது அறுந்த நாயி ஒண்ணு இருந்துச்சு, அதுக்குக் கருவாடு போட்டேன். மாட்டு மணி சத்தம் போடும்னு கழட்டி, இந்தப் புளியமரத்துப் பொந்துல போட்டேன். இருக்கா, எடுத்தீகளான்னு தெரியலை."

அவள் கைகாட்ட, ஒருவன் மரத்தில் ஏறிப் பொந்துக்குள் கையை விட்டான். எறும்புகள் கடித்ததால் திட்டிக்கொண்டே, களிம்பேறிய ஒரு வெண்கல மணியை எடுத்துக் கீழே போட்டான். அந்த அம்மாள் அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள். கூட்டம் அடங்கியது.

"எம் புருசன் அந்த வாரமே செத்துப்போனாரு" என்றாள் அவள். "ஒத்தை மாட்டோட நான் என்ன செய்வேன்? செனைப் பசுவை ஏருல பூட்டுனேன். கன்னு விழுந்துபோச்சு. பசுவும் அடுத்த மாசமே செத்துச்சு. அந்தப் பாவம் யாருதுடா? ஒனக்கா, எனக்கா?"

சித்தப்பா தலையைத் தாழ்த்தினார். அவர் முகம் வெளிறியதைக் கண்டு எனக்குப் பயமுண்டாயிற்று.

கொழுந்தன் விடுவதாயில்லை. "மணியைச் சொன்னதால நீ திருடன்தான். ஒத்துக்கிறேன். ஆனா இது நம்ம மாடுதான்னு என்ன நிச்சயம்? நம்ம மாட்டை வித்துத் தின்னுட்டு வேற எதையாவது கொண்டாந்திருக்கலாம்ல? ஏண்டா, இம்மாம் பெரிய மாட்டை ஒத்தை ஆளாச் சாச்சு, கோணாம நேர் நடுவுல குறுக்குக்கோடு போட்டியா? நடக்கிற காரியமா? காலைப் புடிச்சவன் எவன்?"

சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுடா. இந்த மூணு வருசமும் மாடு எவன் வீட்டுல நின்னுச்சு?"

"அதை மட்டும் கேக்காதீக."

"அப்ப இது எங்க மாடு இல்ல. கட்டுங்கடா இவனை. போலீசுக்கு ஆள் அனுப்புங்க."

கயிறு வந்தது. இத்தனை தூரம் நடந்து வந்து, இத்தனை உண்மைகளைச் சொன்னவர், இந்தச் சிறிய ஒன்றைச் சொல்லாமல் நிற்பதைக் கண்டு எனக்கு ஆத்திரமே வந்தது. அவருக்கு மறந்துபோயிற்று என்று நினைத்தேன். மந்திரத்தில் தடுமாறியவருக்கு எடுத்துக் கொடுத்ததைப்போல இதையும் எடுத்துக் கொடுப்பது என் கடமையல்லவா? மயிலையின் கழுத்தை விட்டுவிட்டு முன்னால் வந்து உரக்கச் சொன்னேன்:

"எங்கப்பாதான் காலைப் புடிச்சுக்கிட்டாக! நான் பாத்தேன்! எங்க வீட்டுலதான் நின்னுச்சு. நான்தான் தண்ணி காட்டுனேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பா கண்களை மூடிக்கொண்டார்.

"ஒங்கப்பா யாரு தாயி?" என்று அந்த அம்மாள் மெல்லக் கேட்டாள்.

"எங்க ஊருக் கோவிலுக்குக் காரியக்காரரு. சப்பரத்துக்குக் குடை புடிப்பாக" என்றேன் பெருமையோடு.

கொழுந்தன் வாய்விட்டுச் சிரித்தான். ஆனால் இப்போது அவனுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. ஒரு தடியை எடுத்துக்கொண்டு சித்தப்பாவை நெருங்கினான். சித்தப்பா நகரவில்லை. அந்த அம்மாள்தான் இடையே வந்து தடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொண்டாந்து விட்டவனை அடிச்சீகன்னா, இனிமே எவன்டா கொண்டாருவான்? அவுத்து விடு கையை." பிறகு சித்தப்பாவிடம் திரும்பினாள். "போலீசு எனக்கு வேண்டாம். ஒன்னைய உள்ள வச்சா என் காடு உழுதிருமா? சித்திரை மழை விழுந்ததும் வந்து என் காட்டை உழுதுட்டுப் போ. நீ மட்டும் இல்ல. காலைப் புடிச்சவுகளும் வரணும்."

"அவன் வருவானா அண்ணி? குடை புடிக்கிற பெரிய மனுசன்ல!"

"வரலைன்னா, அந்த வீட்டுல தம்பி ஒருத்தன்தான் மனுசன்னு வச்சுக்கிருவோம்" என்றாள் அவள்.

அவள் எங்களுக்குக் கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்தாள். நான் குடித்தேன். சித்தப்பா குடிக்க முடியாமல் கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது மயிலை என் பின்னால் வரத் தொடங்கியது. கயிற்றைக் கட்டுத்தறியில் நானே கட்டிவிட்டு வந்தேன். திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா பேசவே இல்லை. மாட்டைப் பிரிந்த துக்கம் என்று எண்ணி, நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். சித்தப்பா அவர் காலடியில் குந்தி, "மறைக்க முடியலை அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

"நீ சொன்னியா?"

சித்தப்பா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "நான்தாம்ப்பா சொன்னேன்! சித்தப்பாவுக்கு ஞாபகமே இல்லை. நான் சொல்லலைன்னா நம்பியே இருக்க மாட்டாக. ஒங்களையும் உழவுக்கு வரச் சொன்னாக."

மெச்சுவார் என்று காத்திருந்தேன். அப்பா என்னை நெடுநேரம் பார்த்தார். அவருடைய கை ஒருமுறை உயர்ந்தது. அடுப்படி வாசலில் ஆத்தா வந்து நின்றாள். கை தாழ்ந்தது. அவர் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெரிய வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் சித்தப்பா பாவப்பொறுத்தல் பெற்றார். பாஸ்குப் பூசையில் நான் வெள்ளைப் பாவாடையும் முக்காடுமாய்ப் புதுநன்மை வாங்கினேன். சித்தப்பா எனக்குப் பின்னால் முழங்காலிட்டிருந்தார். அவர் நாவில் சற்பிரசாதம் வைக்கப்பட்டபோது, கோவில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அன்று முதல் அவர் இறந்த நாள்வரை பிறர் பொருளைத் தொட்டதில்லை. அவரைத் திருடனென்று அழைப்பதை ஊரார் நிறுத்தப் பல வருஷங்களாயின. அதற்காக அவர் யாரையும் நொந்துகொண்டதுமில்லை.

சித்திரையில் இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தது. இரண்டாம் மழைக்கு மறுநாள் காலை சித்தப்பா துணியை மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார். அப்பா வருவாரா என்று அவர் கேட்கவில்லை. தெருமுனையை அடைந்திருப்பார், அதற்குள் அப்பா எழுந்தார். பரணிலிருந்து கலப்பையை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பின்புறத்து வழியாகப் போனால் யார் கண்ணிலும் படாமல் பாதைக்குப் போய்விடலாம். அவர் கோவில் தெரு வழியாகவே நடந்தார். நானும் கூடவே ஓடினேன்.

கோவில் வாசலில் மற்ற இரண்டு காரியக்காரர்களும் நின்றிருந்தார்கள். "என்னப்பா, ஏரைத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போறே? ஒங்க காடு இங்கிட்டுல்ல இருக்கு?" என்றார் ஒருவர்.

அப்பா நின்றார். கலப்பையை இறக்கவில்லை. தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஆவுடையார்கோவில் பக்கத்துல ஒருத்தர் வீட்டு மாடு ஒண்ணு மூணு வருசம் என் கொட்டில்ல நின்னுச்சு. திருட்டு மாடுன்னு தெரிஞ்சேதான் கட்டுனேன். சூடு வைக்கக் காலைப் புடிச்சதும் நான்தான். அந்த வீட்டுக்கு உழவுக்குப் போறேன். குடையை இந்த வருசம் வேற யாருட்டயாவது குடுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. தெருமுனையில் நின்றுவிட்ட சித்தப்பா, திரும்பி வந்து கலப்பையின் ஒரு பக்கத்தைத் தம் தோளில் வாங்கிக்கொண்டார்.

எனக்கோ ஒரே மகிழ்ச்சி. மயிலையைப் பார்க்காமல் அப்பாவாலும் இருக்க முடியவில்லை, அதனால்தான் சாக்குச் சொல்லிக்கொண்டு போகிறார் என்று தீர்மானித்தேன். வீட்டுக்கு ஓடி ஒரு கை பருத்திக்கொட்டையை அள்ளித் துணியில் முடிந்து, திரும்ப ஓடிவந்து அவர் கையில் கொடுத்தேன். மயிலைக்கு என் பேரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் அதை மடியில் செருகிக்கொண்டார்.

அப்பா பத்து நாளுக்குப் பின் திரும்பினார். உள்ளங்கைகள் வெடித்திருந்தன. கால் கழுவத் தண்ணீர் கொண்டுபோன நான், முதற்காரியமாக மயிலையைப் பற்றிக் கேட்டேன்.

"பருத்திக்கொட்டை குடுத்தீகளாப்பா?"

"குடுத்தேன்."

"ஒங்களை அடையாளம் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு ஆத்தா. பக்கத்துல வந்து மோந்து பாத்துச்சு."

"அப்பறம்?"

"நான்தான் நிமிந்து அது மொகத்தைப் பாக்கலை" என்றார் அப்பா.

அவ்வளவு தூரம் நடந்து போய், பத்து நாள் அங்கேயே இருந்து, மாட்டின் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பாராமல் வந்த மனிதரோடு நான் இரண்டு நாள் பேசவில்லை.